பின்கட்டு எங்கே போனது?

வரைபடத்தை மேசைமேல் விரித்த பொறியாளர், முதல் இருபது நிமிடம் என் கணவரைப் பார்த்தே பேசினார். மேற்குப் பார்த்த மனை. கார் எங்கே நிற்கும், போர்வெல் எங்கே வரும், மாடிப்படி வெளியிலா உள்ளேயா என்று எல்லாக் கேள்வியும் 'சார்' என்றே தொடங்கியது. இத்தனைக்கும் வீட்டுக்கடன் தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. அவருடைய விரல் தென்கிழக்கு மூலைக்கு வந்தபோதுதான் முகம் என் பக்கம் திரும்பியது.

"ஆக்கினேய மூலை. இங்கதான் மேடம் கிச்சன். ஓப்பன் கிச்சனா போட்டுடலாம். இப்ப எல்லாருமே அதத்தான் கேக்கறாங்க."

நான் உடனே சரி என்றேன். அடுப்படிக்குள் புகைக்கு நடுவே வாழ்ந்து முடித்த என் பாட்டியையும், கூடத்தில் எல்லோரும் சிரிக்கும்போது "என்னவாம், என்னவாம்?" என்று உள்ளிருந்து குரல் மட்டும் கொடுத்த அம்மாவையும் பார்த்து வளர்ந்தவள் நான். சமையலறைச் சுவரை இடித்தால் பெண்ணின் தனிமையும் இடிந்துவிடும் என்று நம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, இதற்காகவே மகிழ்ந்திருக்க வேண்டியவர், மெதுவாகச் சொன்னார்: "கதவு வெச்சுக் கட்டச் சொல்லு."

நான் கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறவள். அம்மாவுக்கு ஏன் கதவு வேண்டும் என்ற கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த பாட்டி வீட்டிலிருந்து தொடங்குகிறேன். எங்களுடையது அக்கிரகாரம் இல்லை. ஆனாலும் வீட்டின் வரிசை கிட்டத்தட்ட அதேதான்: திண்ணை, நடை, கூடம், முற்றம், அடுப்படி, கொல்லை. தெருவில் நின்று பார்த்தால் வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்க்கோடு. அந்தக் கோட்டில் யார் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம், யார் எவ்வளவு தூரம் வெளியே போகலாம் என்பதெல்லாம் எழுதாமலே எழுதப்பட்டிருந்தது. திண்ணை ஆண்களுக்கு. வெளியாட்கள் வந்தால் பெண்கள் முற்றத்துக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். மாதத்தில் மூன்று நாள், அதற்கும் பின்னால்.

செட்டிநாட்டு வீடுகளில் இதே வரிசை இன்னும் பெரிதாக, கட்டுக் கட்டாக நீளும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. பல வீடுகள் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நிற்கும். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் முன்பக்கத்தில். அடுப்பும் அம்மியும் ஆட்டுக்கல்லும் பின்பக்கத்தில். நகரத்தார் குடும்பங்களில் மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே கூரையின் கீழ் புதுத் தம்பதிக்குத் தனிச் சமையல், தனிக் கணக்கு. கூட்டுக் குடும்பத்து மாளிகை என்று நாம் வியந்து பார்க்கும் வீட்டுக்குள் பல அடுப்புகள் எரிந்தன; ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு பெண் பொறுப்பாக இருந்தாள். சுற்றுலாப் பயணிகள் முகப்புத் தூண்களைத்தான் படமெடுக்கிறார்கள். புகை படிந்த பின்கட்டுச் சுவர்களைப் படமெடுப்பவர் குறைவு.

பின்கட்டை பெண்களின் இடம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி வரலாறு. கொல்லைப்புறமாக வந்து போனவர்கள் வேறு சிலரும் உண்டு. வயலில் உழைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், எருமூட்டை சுமந்தவர்கள். பழைய தெருக்கள் பலவற்றில் வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு சந்து ஓடும். எடுப்புக் கழிப்பிடங்களைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் முன்தெருவில் நடக்கக்கூடாது என்பதற்காகவே இருந்த சந்து அது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதையும் எடுப்புக் கழிப்பிடம் கட்டுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. ஆக, பின்கட்டு இரண்டு காரியங்களைச் செய்தது. வீட்டுப் பெண்ணை உள்ளே வைத்தது. சாதியின் பெயரால் சிலரை வெளியே வைத்தது. இருவரும் சந்திக்கும் இடம் கொல்லைக் கதவு. கதவுக்கு உள்ளே நின்ற என் பாட்டி, வெளியே நின்ற பெண்ணின் கையில் படாமல், மேலிருந்து கஞ்சி ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பின்கட்டு எப்போது மாறியது? என் கணிப்பில், பெண்கள் எழுந்து நின்று சமைக்கத் தொடங்கியபோது. பாட்டியின் சமையல் முழுக்கத் தரையில் நடந்தது. விறகடுப்பு தரையில், அரிவாள்மணை தரையில், அம்மி தரையில், உட்கார்ந்து சாப்பிடும் பலகையும் தரையில். சமையல் எரிவாயு உருளை இந்தியாவில் 1955இல் மும்பையில் அறிமுகமானது. 1965இல் கொல்கத்தாவில் இண்டேன் தன் முதல் இணைப்பைக் கொடுத்தது. பிரெஷர் குக்கர் 1959 முதல் இங்கேயே தயாரானது. மாவரைக்கும் கிரைண்டர் 1950களின் நடுவில் கோயம்புத்தூரில் பிறந்தது. உருளையைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால், நடுத்தர வர்க்க வீடுகளில் அடுப்புக்கு மேடை வந்தது. முதலில் கடப்பாக் கல், பிறகு கிரானைட். புகை போனது, உலைமூடியை ஊதி ஊதிக் கண் சிவந்தது போனது. இது சின்ன விடுதலை இல்லை. ஏழை வீடுகளுக்கு இது வந்து சேர இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆயின. 2006இல் அமைந்த திமுக அரசு இலவச எரிவாயு அடுப்பும், 2011இல் அமைந்த அதிமுக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் கொடுத்தபோது, இலவசம் என்று கேலி செய்தவர்கள் பலர் அதுவரை அம்மியில் அரைத்துப் பார்க்காதவர்கள்.

ஆனால், உட்கார்ந்து செய்த வேலை நின்று செய்யும் வேலையாக மாறியபோது, கூடவே ஒன்று நடந்தது. தரையில் நான்கு பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் நறுக்கலாம். மேடை முன்னால் ஒருத்திதான் நிற்க முடியும். சமையலறை ஒற்றைப் பெண்ணின் அறையாகச் சுருங்கியது. இன்றும் தேசியக் கட்டட விதித்தொகுப்பில், தனிச் சாப்பாட்டு அறை இருக்கும் வீட்டில் சமையலறைக்குக் குறைந்தபட்ச அளவு 5 சதுர மீட்டர், அதாவது சுமார் 54 சதுர அடி. வசிக்கும் அறைக்கு 9.5 சதுர மீட்டர். நாளில் அதிக நேரம் ஒரு பெண் நிற்கும் அறை, 'வசிக்கும் அறை'க் கணக்கில் வரவில்லை.

ஒருத்திக்கான இந்தச் சமையலறையை யோசித்து வரைந்தவர்களும் பெண்கள்தாம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1869இல் அமெரிக்காவில் கேத்தரின் பீச்சர், தன் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து எழுதிய நூலில், வேலையாள் இல்லாத வீட்டுக்கு ஒரு சமையலறையை வரைந்துகாட்டினார். தொடர்ச்சியான மேடை, கைக்கெட்டும் அலமாரி, வெளிச்சம் விழும் சன்னல். பெண்ணின் உழைப்பு மதிக்கத்தக்கது, அதை எளிதாக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதேசமயம் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்றவரும் அவர்தான். வேலையைச் சுலபமாக்குவது வேறு, வேலை செய்பவளின் நிலையை மாற்றுவது வேறு என்பதற்கு அவரே சான்று.

அடுத்தது ஜெர்மனி. முதல் உலகப் போருக்குப் பிறகு கடும் வீட்டுப் பஞ்சம். பிராங்க்பர்ட் நகரத்தில் எர்ன்ஸ்ட் மே தலைமையில் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. 1926இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கிக்கு அப்போது 29 வயது. 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளத்துக்குள் அவர் ஒரு சமையலறையை அடக்கினார். ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறை அவருக்கு முன்மாதிரி. மாவுக்கும் அரிசிக்கும் தனித்தனி இழுப்பறைகள், உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சுழல் முக்காலி, மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை, கூடத்தில் விளையாடும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இழுப்புக் கதவு. சுமார் 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்று நம் ஊர்க் கடைகளில் 'மாடுலர் கிச்சன்' என்று விற்கப்படுவது இதன் பேத்தி. வேலைநேரத்தைக் குறைத்தால் உழைக்கும் பெண்ணுக்கு ஓய்வும் படிப்பும் கிடைக்கும் என்று நம்பினார் அவர். நாஜிகளை எதிர்த்ததற்காக 1941இல் கைதாகிச் சிறையில் இருந்தவர். கூரிய அரசியல் உள்ளவர். இருந்தும் 1970களின் பெண்ணியவாதிகள் அவரது சமையலறையைக் கடுமையாக விமர்சித்தார்கள். ஓர் ஆளுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த அறைக்குள் இரண்டாவது ஆள் உதவிக்குக்கூட நுழைய முடியாது என்பது அவர்கள் வாதம்.

வேறு வழியை யோசித்தவர்களும் இருந்தார்கள். கேத்தரின் பீச்சர் நூல் வந்த அதே காலத்தில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் மெலுசினா ஃபே பியர்ஸ் பெண்களைத் திரட்டிக் கூட்டுறவு முறையில் வீட்டுவேலையை நடத்தப் பார்த்தார். சமையலும் சலவையும் வீட்டுக்கு வெளியே பொது இடத்தில் நடக்கும், செய்பவர்களுக்குக் கூலி உண்டு. கணவர்களின் எதிர்ப்பும் சேர்ந்து அந்த முயற்சி விரைவிலேயே முடிந்துபோனது. 1898இல் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் சமையலறையே இல்லாத அடுக்ககங்களைப் பற்றி எழுதினார். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம் ஊர்க் காலை உணவுத் திட்டம்தான் நினைவுக்கு வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுய உதவிக்குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். பிள்ளை பள்ளியில் சாப்பிடுகிறது. வேலைக்கு ஓடும் ஒரு தாயின் காலைப் பொழுதிலிருந்து ஓர் அடுப்பு வெளியே போகிறது. சமையல் என்பது வீட்டின் மூலையோடு ஒட்டிப் பிறந்ததல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இப்போது ஓப்பன் கிச்சனுக்கு வருகிறேன். மாதிரி வீடு பார்க்கப் போன இடங்களிலெல்லாம், சுவர் இல்லாத சமையலறையைக் காட்டி, "அம்மா சமைச்சுக்கிட்டே டிவி பாக்கலாம், பசங்க ஹோம்வொர்க்கும் பாத்துக்கலாம்" என்றார்கள். கவனியுங்கள். சுவர் போனதால் அப்பா வந்து சமைப்பார் என்று யாரும் விற்கவில்லை. சமைப்பவளுக்கு இன்னும் ஒரு வேலையைக் கூட்டித் தருவதையே வசதி என்று விற்கிறார்கள். 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வேலையில் கைவைத்த ஆண்களின் கணக்கு மட்டும்தான். அப்படி இருந்தவர்கள் நூற்றுக்கு 26 பேர், பெண்களில் 81 பேர். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. நல்லது என்று சந்தோஷப்படுவதற்குள் ஆண்களின் நேரத்தைப் பார்த்தேன். அதுவும் 88 நிமிடமாகக் குறைந்திருந்தது. புதிதாக எத்தனையோ சுவர்கள் இடிந்திருக்கலாம். வேலை இடம் மாறவில்லை.

இந்த எண்களோடு அம்மாவிடம் திரும்பிப் போனேன். "கதவு எதுக்கும்மா?"

"கதவு இருந்தா வேலை முடிஞ்சும் கொஞ்ச நேரம் உள்ள உக்காந்திருக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க. உங்க தாத்தா செத்த சேதி வந்தப்ப வீடு நிறைய விருந்தாளி. கதவச் சாத்திட்டு அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வந்துதான் பரிமாறினேன். நீ படிச்ச வாரப் பத்திரிகையெல்லாம் நான் அங்கதான் படிச்சேன். ஓப்பனா இருந்தா எப்பவும் மேடைய மினுக்கிக்கிட்டே இருக்கணும். கடை மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவை அடைத்துவைத்தது என்று நான் நினைத்த கதவு, அம்மாவுக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே தாழ்ப்பாள். அவருக்கென்று ஓர் அறையோ ஒரு மேசையோ இருந்திருந்தால் அந்தக் கதவு தேவைப்பட்டிருக்காது. புது வீடுகளில் 'மாஸ்டர் பெட்ரூம்' இருக்கிறது, 'கிட்ஸ் ரூம்' இருக்கிறது, பூஜை அறை இருக்கிறது. வசதி இருந்தால் 'ஹோம் தியேட்டர்' கூட இருக்கிறது. கதவைச் சாத்திக்கொள்ள அம்மாவுக்கு இடம் எங்கே? கழிப்பறை வீட்டுக்குள் வந்ததும் படுக்கையறையோடு சேர்ந்ததும் பெண்களுக்குப் பெரிய ஆறுதல். இருட்டும்வரை காத்திருந்த தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். ஆனால், தனியாக இருக்க ஒரு பெண் கழிப்பறைக்குள் போக வேண்டியிருக்கிறது என்றால் அதை வசதி என்று எப்படிச் சொல்வது?

ஓப்பன் கிச்சனை மினுக்கியே வைக்க முடியாது என்பது கட்டுபவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மிளகாய் தாளிக்கும் வீட்டில் சோபாவரை நெடி போகும். அதனால் பெரிய வீடுகளில் இப்போது இரண்டு சமையலறை. முன்னால் 'டிரை கிச்சன்': காபி இயந்திரம், பழக்கூடை, உயர நாற்காலி. பின்னால் 'வெட் கிச்சன்': அடுப்பு, தாளிப்பு, மீன் கழுவும் தொட்டி. அதற்கும் பின்னால் 'யுடிலிட்டி': வாஷிங் மெஷின், பாத்திரம் துலக்கும் தொட்டி, துடைப்பம், ஒரு தனிக் கதவு. முகப்பு, இரண்டாங்கட்டு, கொல்லை. பின்கட்டு எங்கேயும் போகவில்லை. ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

எங்கள் வரைபடத்திலும் அது இருந்தது. மேற்குப் பார்த்த மனை என்பதால் தென்கிழக்கு மூலை வீட்டின் பின்பக்கம். வாஸ்துப்படி கிழக்குப் பார்த்துச் சமைக்க வேண்டும், ஆகவே அடுப்புக்கு நேரே சன்னல், சன்னலுக்கு அந்தப் பக்கம் யுடிலிட்டி. நான் நின்று சமைக்கும்போது எதிரே தெரியப்போவது வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் குனிந்த முதுகு. அவர் உள்ளே வர ஒரு கதவு, பக்கச் சந்து வழியாக. வேண்டுமானால் மாடிப்படிக்குக் கீழே அவருக்கு ஒரு கழிப்பறை 'அடிச்சுடலாம்' என்றார் பொறியாளர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போதிருக்கும் வாடகை வீட்டில் பதினோரு ஆண்டுகளாக அந்த அக்கா வேலைக்கு வருகிறார். காலை ஆறரைக்குத் தொடங்கி நான்கு வீடு. அவர் எங்கே சிறுநீர் கழிக்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பெண் உடலைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். கேட்டேன். "வீட்டுக்குப் போய்த்தாம்மா. அதனால தண்ணி அவ்வளவா குடிக்க மாட்டேன்" என்றார், சாதாரணமாக. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இதுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆனால், என் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட எனக்கு எந்த உடன்படிக்கையும் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

படிக்குக் கீழே கழிப்பறை வேண்டாம், கூடத்தை ஒட்டிய பொதுக் கழிப்பறையையே அக்காவும் பயன்படுத்தட்டும் என்று நான் சொன்னபோது, தனக்காகக் கதவு கேட்ட அதே அம்மா தயங்கினார். "உள்ளேயா?" என்றார். அந்த ஒரு சொல்லில் பாட்டியின் கொல்லைக் கதவு இருந்தது. நாங்கள் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒடுக்கப்பட்டவள் தன்னைவிடக் கீழே இருத்தப்பட்டவளுக்குத் தானாகவே தோழியாகிவிடுவதில்லை. வீட்டு வரைபடம் போடும்போதுதான் அதை நான் சரியாகப் படித்தேன்.

வீடு கட்டி முடித்தோம். சமையலறைக்கு இழுப்புக் கதவு வைத்தோம். திறந்தும் வைக்கலாம், அம்மா சாத்தியும் வைக்கலாம். மேடையை 34 அங்குல உயரத்தில் போடுவதுதான் வழக்கம் என்றார்கள். உயரமான என் கணவர், குனிந்து நின்றால் முதுகு வலிக்கிறது என்று இத்தனை நாள் சொன்ன சாக்குக்காகவே ஒரு பக்கம் 36 அங்குலமும், அம்மாவுக்காக இன்னொரு பக்கம் 32 அங்குலமும் போடச் சொன்னேன். மேஸ்திரி சிரித்தார், போட்டுக்கொடுத்தார். உயர மேடையில் இப்போது தோசை வார்க்கப்படுகிறது, வாரத்தில் மூன்று நாளாவது. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், வரைபடத்தை விரிக்கும்போதே கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. மேடை யாருடைய உயரத்துக்கு? தாழ்ப்பாள் யாருக்கு? யார் எந்தக் கதவால் உள்ளே வருவார்? வாடகை வீட்டிலும் இதைக் கேட்கலாம், செங்கல் தேவையில்லை.

குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் சில வாரம் அக்கா, "வேணாம்மா, இருக்கட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மழை நாளில் அம்மாவே கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்: "லைட்டு சுவிட்சு வெளியில இருக்கு பாரு." அவ்வளவுதான். அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை.

ஆனால், இன்னமும் அக்கா பக்கச் சந்து வழியாக, யுடிலிட்டிக் கதவால்தான் வருகிறார். முன்வாசலால் வாருங்கள் என்று போன வாரம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "செருப்ப எங்கம்மா விடுறது?"

வாசலில் எங்களுக்காக நான்கு அடுக்கில் செருப்பு அலமாரி செய்திருக்கிறோம். ஐந்தாவது அடுக்கை நான் வரையவில்லை.